38 பக்க ரிப்போர்ட்டும் ஓர் இரும்புக் குழாயும்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவின் எஸ்.பி. 9 சட்டப்படி நம் மனையை இரண்டாகப் பிரிக்க முடியுமா என்று ஆராய்ந்து ரிப்போர்ட் தரும் நிறுவனத்துக்கு ஐந்தில் இரண்டு. அதன் பிறகு நாங்களே தேடிப் பிடித்த சர்வேயருக்கு ஐந்தில் ஐந்து, இன்னொன்று போட இடம் இருந்தால் அதையும் போட்டிருப்பேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்னும் மெயில் போய்க்கொண்டிருக்கிறது. தவிர, இதே ரிப்போர்ட்டை விற்கும் வேறு இரண்டு பேரின் மாதிரிகளையும் வாங்கிப் பார்த்தேன். அட்டை நிறம்தான் வேறு, உள்ளே அதே சரக்கு. அதனால் யாரிடம் வாங்கப் போகிறீர்களோ, அவர்களுக்கும் இது பொருந்தலாம்.

நாங்கள் இருப்பது சான்டா கிளாரா கவுண்டியில். 62 அடி அகலம், 120 அடி நீளம், மொத்தம் 7,440 சதுர அடி மனை. முன்பக்கம் மாடியில்லாத பழைய ராஞ்ச் வீடு. பின்பக்கம் புல்லும் இரண்டு எலுமிச்சை மரங்களும் நான் ஒவ்வொரு குளிர்காலமும் வீட்டுக்குள் தூக்கிவைக்கும் கறிவேப்பிலைத் தொட்டியும். என் தம்பி பத்து வருடமாக இந்தப் பக்கம் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தவன், “அக்கா, இந்தப் பாதியை எனக்கு வித்துடேன்” என்றான். சிரிப்பாகத்தான் சொன்னான். இரண்டு வாரத்தில் அது எக்செல் ஷீட் ஆகிவிட்டது.

கலிஃபோர்னியாவில் இது வெறும் கனவு இல்லை. 2021 செப்டம்பரில் கையெழுத்தாகி 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த எஸ்.பி. 9, தனி வீடு மட்டும் கட்டலாம் என்று ஒதுக்கப்பட்ட மனையை இரண்டாகப் பிரிக்கவும், ஒவ்வொன்றிலும் இரண்டு வீடு வரை கட்டவும் வழிவிடுகிறது. நிபந்தனைகளுக்குள் வந்தால் நகரம் மறுக்க முடியாது. பொது விசாரணை கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர் மைக் பிடித்துப் பேசும் கூட்டம் கிடையாது. பிரித்த பிறகு எந்தத் துண்டும் பழைய மனையில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 1,200 சதுர அடிக்கும் குறையக் கூடாது. பிரிக்கிறவர் அங்கேயே ஒரு வீட்டில் மூன்று வருடமாவது குடியிருக்க எண்ணம் இருப்பதாகச் சத்தியக் கடிதம் கொடுக்க வேண்டும். நாங்கள் எங்கும் போகப் போவதில்லை, ஆகவே அது பிரச்சினையே இல்லை. புது வீட்டுக்குப் பக்கத்திலும் பின்னாலும் நான்கு அடிக்கு மேல் இடம் விடச் சொல்லி நகரம் கட்டாயப்படுத்த முடியாது. வாடகைக்கு விட்டால் 30 நாளுக்கு மேற்பட்ட வாடகையாக இருக்க வேண்டும். விருந்தினர் விடுதி நடத்தும் எண்ணம் இருந்தால் மறந்துவிடுங்கள்.

சில ஊர்கள் இதை ஏற்காமல் பட்ட பாடு தனிக்கதை. எங்களுக்கு வடக்கே இருக்கும் வுட்சைட் என்ற பணக்கார ஊர், முழு ஊருமே மலைச்சிங்கத்தின் வாழிடம், அதனால் இங்கே இந்தச் சட்டம் செல்லாது என்று 2022-ல் அறிவித்தது. மாநில அட்டர்னி ஜெனரல் ஒரு கடிதம் போட்டதும் சிங்கம் காட்டுக்குத் திரும்பிவிட்டது. எங்கள் ஊரில் அந்தக் கூத்து இல்லை. நகர ஆபீஸ் கவுண்டரில் இருந்த பெண் விண்ணப்பப் பட்டியலை அச்சடித்துக் கையில் கொடுத்து, சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்றாள்.

அந்தப் பட்டியலோடு நானே உட்கார்ந்திருக்கலாம். சோம்பல். 1,950 டாலருக்கு “முழுமையான சாத்தியக்கூறு ரிப்போர்ட்” தருகிறோம் என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. 2025 மார்ச்சில் பணம் கட்டினேன்.

நல்லதைச் சொல்ல வேண்டும். முதல் போன் பேச்சு அருமை. மூன்று வருடத்துக்குள் வாடகைக்குக் குடியிருந்தவர் உண்டா, வீட்டுக்காரர் சங்கம் உண்டா, பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா, தீ அபாய மண்டலமா, வெள்ள மண்டலமா என்று வரிசையாகக் கேட்டார்கள். வாடகைக்காரர் கேள்வி முக்கியமானது. குடியிருப்பவரைக் கிளப்பிவிட்டு மனையைப் பிரிக்க இந்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. மெயில் போட்டால் ஒரு நாளில் பதில். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே ரிப்போர்ட் வந்தது. 38 பக்கம், வழவழப்பான பி.டி.எஃப். பின்பக்கத்தில் வெள்ளை நிறத்தில் ஓர் இரண்டு மாடி வீடு, வாசலில் நாய், மேலே நீல வானம். தம்பி அந்த ஒரு பக்கத்தை மட்டும் போன் ஸ்க்ரீனில் வைத்துக்கொண்டான்.

12-ஆம் பக்கத்தில் பிரிப்பு வரைபடம். ரோட்டுப் பக்க எல்லையிலிருந்து 72 அடியில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. பின்துண்டு 62-க்கு 48, அதாவது 2,976 சதுர அடி. எங்கள் மனையில் 40 சதவீதம் கணக்குப் போட்டுப் பாருங்கள், 2,976. அவ்வளவு கச்சிதமாக வந்ததைப் பார்த்து நான் பூரித்துப் போனேன். அங்கேயே உறைத்திருக்க வேண்டும். ஒரு கோட்டை ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியாத இடத்தில் போட்டுவைத்திருக்கிறார்கள் என்றால் அது கச்சிதம் இல்லை, இழுத்துப் பிடித்துக் கட்டின மூட்டை.

பின்துண்டுக்குப் போகிற வழிக்கு ஈஸ்மென்ட். அதாவது வழி எங்கள் பெயரிலேயே இருக்கும், போய்வரும் உரிமை மட்டும் தம்பிக்கு. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் “வண்டி வாகனம் போக வர நடை பாத்தியதை” என்று எழுதுவார்களே, அதேதான். வீட்டின் பின்சுவர் 66 அடியில் இருப்பதாகப் போட்டிருந்தார்கள். கோட்டுக்கும் சுவருக்கும் ஆறு அடி. எல்லாம் சுபம்.

இந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு சர்வேயரிடம் போனோம். ஏனென்றால் பார்சல் மேப் என்கிற பிரிப்பு வரைபடத்தை உரிமம் பெற்ற சர்வேயரோ, அதற்குத் தகுதியுள்ள சிவில் இன்ஜினியரோதான் தயாரித்துக் கையெழுத்துப் போட முடியும். எங்கள் ரிப்போர்ட் நிறுவனத்தில் அப்படி ஒருவர் இல்லை என்பது 37-ஆம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. சர்வேக்கு 5,200 டாலர். என் கணவர் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது. ஊரில் தாலுகா ஆபீஸில் அளக்கப் பணம் கட்டிவிட்டு சர்வேயர் வர மாதக்கணக்காகக் காத்திருந்த குடும்பம் எங்களுடையது. இவர் சொன்ன நாளில் காலை ஏழேகாலுக்கு வந்துவிட்டார்.

அறுபது வயதிருக்கும். கூட ஒரு பையன். அளவுக் கருவியின் முக்காலியை ரோட்டில் நிறுத்தும் முன் ஒரு மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு பின்மூலைக்குப் போனார். அரளிப் புதர் ஓரத்தில் அது கீச்சென்று கத்தியது. பையன் மண்வெட்டியால் ஓரடி தோண்டினான். உள்ளே துருப்பிடித்த இரும்புக் குழாய், அதன் வாயில் ஒரு பித்தளை வில்லை. அவர் மண்டியிட்டு, எச்சில் தொட்டுக் கட்டை விரலால் துடைத்தார். வில்லையில் பழைய சர்வேயர் ஒருவரின் உரிம எண் குத்தியிருந்தது. பதினொரு வருடமாக அந்த அரளிக்குத் தண்ணீர் ஊற்றிவருகிறேன், எங்கள் எல்லைக்கல் அதற்குள் இருப்பது எனக்குத் தெரியாது. அந்த எண்ணைப் பார்த்ததும் அவருக்குச் சின்ன சந்தோஷம். இந்தத் தெரு முழுவதையும் அளந்தவர் அந்தப் பழைய சர்வேயர்தான், நல்ல வேலைக்காரர் என்றார்.

குழாயிலிருந்து அளந்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது. பக்கத்து வீட்டு வேலி ஏழு அங்குலம் எங்கள் பக்கம் வந்திருந்தது. அதை நாங்கள் பெரிதுபடுத்தவில்லை. அந்த வீட்டுப் பாட்டி எங்கள் பையனுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவர், ஏழு அங்குலத்துக்கு அவரோடு சண்டை போடுவதா? ஆனால் பேப்பரில் அது எங்களுடையது என்று வரைபடத்தில் இருக்கட்டும் என்றார் சர்வேயர். சரி.

இரண்டாவது விஷயம்தான் அடி. வீட்டின் பின்சுவர் முழுக்க 66 அடியில் இல்லை. முன்னால் இருந்தவர்கள் ஒரு படுக்கையறையை மட்டும் பின்னால் மூன்றரை அடி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். சுவர் அங்கே 69.5 அடியில் நிற்கிறது. ரிப்போர்ட் நிறுவனம் நேரில் வரவில்லை, செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கோடு போட்டிருக்கிறது. அந்த மூலையை மக்னோலியா மரம் மூடியிருந்ததால் படத்தில் வெறும் இலைதான்.

மூன்றரை அடியில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்டேன். அவர் எங்களை அந்த அறைக்கு அழைத்துப் போய் ஜன்னலைக் காட்டினார். என் மாமியார் வந்தால் தங்கும் அறை, காலையில் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் காபி குடிப்பார். சிவப்புக் கோடு 72 அடியில் வந்தால் சுவருக்கும் எல்லைக்கும் இடையே இரண்டரை அடிதான். பழைய கட்டடம் எல்லைக்கு எவ்வளவு அருகில் நின்றாலும் எஸ்.பி. 9-க்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் கட்டட விதி வேறு சட்டம். எல்லைக்கு மூன்று அடிக்குள் இருக்கும் சுவரில் ஜன்னலோ கதவோ இருக்கக் கூடாது. ஐந்து அடிக்குள் என்றால், தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லாத எங்கள் வீட்டைப் போன்ற வீட்டில், அந்தச் சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும். ஜன்னலை அடைத்தால், தீப்பிடித்தால் வெளியே குதிக்க வழி இல்லாத அறையாகிவிடும், பிறகு அதைப் படுக்கையறை என்றே சொல்ல முடியாது. காகிதத்தில் ஒரு கோடு போட்டதில் மூன்று படுக்கையறை வீடு இரண்டு படுக்கையறை ஆகிவிடுகிறது. சரி, கோட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளலாமே என்றால், அங்கேதான் அந்தக் கச்சிதமான 2,976 உட்கார்ந்திருக்கிறது. ஓர் அங்குலம் தள்ளினாலும் 40 சதவீதம் போச்சு.

அவர் எங்கள் சமையலறை மேடையில், ஒரு மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில், பென்சிலால் வரைந்தார். கார் போகும் பக்கத்தில் வீட்டுச் சுவருக்கும் எல்லைக்கும் நடுவே 15 அடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. அதில் 10 அடி அகலத்தைப் பின்துண்டுக்கே சொந்தமாகக் கொடுத்துவிடுங்கள், நடை பாத்தியதை வேண்டாம் என்றார். கொடிக்கம்பம் மாதிரி ஒரு மனை: பின்னால் கொடி, ரோட்டுவரை கம்பம். கோட்டை 75 அடிக்குத் தள்ளினால் கொடி 2,790, கம்பம் 750, ஆகப் பின்துண்டு 3,540. எங்களுக்கு 3,900. ஜன்னலுக்கு முன்னால் ஐந்தரை அடி, பக்கச் சுவருக்கும் ஐந்து அடி தப்பிக்கிறது. பத்து நிமிடம் ஆகியிருக்காது. எங்கள் ஊரில் கம்பத்தையும் பரப்பில் சேர்க்கலாமா என்று மறுநாள் பிளானிங் ஆபீஸைக் கூப்பிட்டுக் கேட்டு, சேர்க்கலாம் என்ற பதிலை மெயிலில் வாங்கி அனுப்பியதும் அவர்தான். சில ஊர்களில் சேர்க்க விடமாட்டார்கள், எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி.

அந்த மளிகைச் சீட்டு இன்னும் என் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. முன்பக்கத்தில் இரண்டு கிலோ துவரம்பருப்பு.

இத்தனைக்குப் பிறகும் மனையைப் பிரித்தோமா? இல்லை. அதற்குக் காரணம் கோடு இல்லை, கடன். இந்த ரிப்போர்ட்டுக்கு நான் இரண்டே நட்சத்திரம் கொடுப்பதும் இதனால்தான்.

சர்வேயர் கிளம்பும்போது, வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே, “பேங்க் சம்மதம் வாங்கிவிட்டீர்களா?” என்று கேட்டார். எந்த பேங்க் என்றேன். எங்கள் வீட்டுக் கடனுக்கு அடமானம் வீடு மட்டுமில்லை, 7,440 சதுர அடி முழுவதும். பின்துண்டைத் தம்பிக்கு விற்க வேண்டுமென்றால் அந்தத் துண்டைக் கடன் கொடுத்தவர் அடமானத்திலிருந்து விடுவிக்க வேண்டும். கேட்காமல் விற்றால் முழுக் கடனையும் உடனே கட்டு என்று சொல்லும் ஷரத்து நாம் கையெழுத்துப் போட்ட பத்திரத்திலேயே இருக்கிறது. வில்லங்கம் பார்க்காமல் மனை வாங்காதே என்று படித்துப் படித்துச் சொன்ன அப்பாவின் மகள் நான். எங்கள் மனையின் வில்லங்கமே நாங்கள்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் கடன் 2021-ல் வாங்கியது, வட்டி 2.875. கடனை வசூலிக்கும் கம்பெனிக்கு ஏழு முறை போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் வேறு டிபார்ட்மென்ட், அதே காத்திருப்பு இசை. ஆறாவது வாரம் பதில் வந்தது: பரிசீலிக்க மதிப்பீட்டாளர் வர வேண்டும், அதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும், சம்மதம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. மாற்று வழி? முழுக் கடனையும் அடைத்துவிட்டு அன்றைய வட்டியில் புதுக் கடன். ஆறரைக்கு மேல். தம்பி அன்று இரவு எக்செல் ஷீட்டைத் திறந்து, ஒரே ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினான். “வேண்டாம்க்கா” என்று மூடிவிட்டான்.

38 பக்கத்தில் அடமானம் பற்றி எத்தனை வரி என்று தேடிப் பார்த்தேன். பின்னிணைப்பில் ஒன்று: “கடன் வழங்குநரின் ஒப்புதல், தேவைப்பட்டால், உரிமையாளர் பொறுப்பு.” தேவைப்பட்டால்! கடன் இல்லாமல் இந்தப் பகுதியில் வீடு வைத்திருப்பவர் எத்தனை பேர்? அந்த முதல் போனில் அத்தனை கேள்வி கேட்டவர்கள் “கடன் இருக்கிறதா, வட்டி என்ன” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு 1,950 டாலர் மிச்சம், அவர்களுக்கு ஒரு வாடிக்கையாளர் குறைவு.

மற்ற குறைகள் சில்லறை. அனுமதி 60 நாளில் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பொய் இல்லை. 2025 முதல் அமலான எஸ்.பி. 450 என்ற திருத்தச் சட்டம் நகரத்துக்கு 60 நாள் கெடு வைக்கிறது, பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கணக்கு. ஆனால் அந்த 60 நாள் முழு விண்ணப்பம் உள்ளே போன பிறகு நகரத்தின் முடிவுக்கு மட்டும். அதற்கு முன்னால் சர்வே, டைட்டில் ரிப்போர்ட் (நம் ஊர் வில்லங்கச் சான்று மாதிரி), பின்னால் இறுதி வரைபடம், வரி பாக்கி இல்லை என்ற சான்று, கவுண்டியில் பதிவு. கட்டுமானச் செலவைச் சதுர அடிக்கு 325 டாலர் என்று போட்டிருந்தார்கள். நான் பேசிய மூன்று கான்ட்ராக்டர்களில் ஒருவரும் 425-க்குக் கீழே வாய் திறக்கவில்லை. தனி மனையில் புது வீடு என்றால் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் வேண்டும், சோலார் வேண்டும், தண்ணீர், சாக்கடை, மின்சாரம் எல்லாம் ரோட்டிலிருந்து தனியாக இழுக்க வேண்டும். அந்த இடத்தில் எண்ணே இல்லை, “உரிமையாளர் பொறுப்பு”. அந்த ரிப்போர்ட்டில் உரிமையாளர் மேல்தான் எவ்வளவு நம்பிக்கை!

இப்போது என்ன செய்கிறோம் என்று கேட்பவர்களுக்கு: பின்னால் ஏ.டி.யு. கட்டுகிறோம், அதாவது அதே மனையில் கூடுதலாக ஒரு சின்ன வீடு. மனை ஒன்றாகவே இருக்கும், எல்லைக்கோடு மாறாது, 2.875-க்கும் ஆபத்தில்லை. அளவு 749 சதுர அடி. ஏன் 749 என்று சிரிக்காதீர்கள். 750-க்குக் கீழே இருந்தால் நகரம் பூங்கா, சாலை என்று விதிக்கும் தாக்கக் கட்டணம் கிடையாது, அதனால்தான் இந்தப் பக்கம் விற்கும் பிளான்களில் பாதி இந்த எண்ணிலேயே நிற்கிறது. சொத்து வரியும் புதிதாகக் கட்டியதற்கு மட்டும் கூடும், பழைய வீட்டின் மதிப்பைக் கிளறமாட்டார்கள். பெரிய வீட்டில் ஸ்பிரிங்க்ளர் இல்லாததால் இதற்கும் கட்டாயம் இல்லை.

தம்பிக்கு இதில் சொந்தம் இல்லை என்பதுதான் ஒரே முள். ஏ.டி.யு.வைத் தனியாக விற்க விடும் சட்டம் ஒன்று 2023-ல் வந்தது, நகரம் விரும்பினால் ஏற்கலாம். சான் ஹோசே 2024-ல் முதலாவதாக ஏற்றது. ஆனால் அங்கும் கடன் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும். சுற்றிச் சுற்றி அதே வாசல்படி. “வாடகை எவ்வளவுக்கா?” என்று கேட்கிறான். நான் பதில் சொல்லாமல் இருக்கிறேன், என் கணவர் சொல்லிவிடுவார் போலிருக்கிறது.

ஆக, இந்த மாதிரி ரிப்போர்ட் யாருக்குச் சரிப்படும்? கடன் அடைந்த வீடு, தெரு முனை மனை, முன்னால் யாரும் எதையும் இழுத்துக் கட்டாத சதுரமான வீடு, நகர ஆபீஸுக்குப் போக நேரமே இல்லாதவர். இந்த நான்கும் சேர்ந்தால் வாங்கலாம். மற்றவர்கள் முதலில் கடன் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள், காசு செலவில்லை, காத்திருப்பு இசைதான். அப்புறம் டைட்டில் ரிப்போர்ட். அப்புறம் சர்வேயர். 5,200 டாலரில் எங்களுக்குக் கிடைத்த வரைபடம் இப்போது ஏ.டி.யு. விண்ணப்பத்துக்கும் உதவுகிறது, அந்தக் காசு வீண் போகவில்லை. வழவழப்பு பி.டி.எஃபில் உதவியது அந்த நாய் மட்டும்தான், பையன் இப்போது நாய் வேண்டும் என்கிறான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குப் போன வாரம் பதில் வந்தது. திருப்பித் தர இயலாது, ஆனால் அடுத்த கட்டச் சேவைக்கு 250 டாலர் தள்ளுபடி கூப்பன் இணைத்திருக்கிறோம் என்று. 90 நாள் செல்லுமாம், வேறொருவருக்கும் மாற்றிக் கொடுக்கலாமாம். யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.